டிஸ்கஸ் தொட்டி: கருவி நின்றால் என்ன ஆகும்?

பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு அருகில் ரியோ நீக்ரோவும் சோலிமோயிஸும் சந்திக்கின்றன. ஒன்று கட்டஞ்சாயா நிறம். இன்னொன்று சேற்று நிறம். சுமார் 6 கிலோமீட்டர் தூரம் இரண்டும் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடிய பிறகுதான் ஒன்றாகின்றன. ரியோ நீக்ரோவின் கருமைக்குக் காரணம் காட்டில் உதிர்ந்த இலைகள். அவை ஊறி ஊறி, ஹியூமிக் அமிலங்களை ஆற்றில் இறக்குகின்றன. அந்த நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கிட்டத்தட்ட இல்லை. பி.எச். 4-க்கும் 5-க்கும் இடையில் நிற்கும். ஆஸ்திரிய இயற்கையியலாளர் யோஹான் நாட்டரர் 1817 முதல் 1835 வரை பிரேசிலில் தங்கி உயிரினங்களைச் சேகரித்தார். அவர் அனுப்பியவற்றில் தட்டையான, வட்ட உடல்கொண்ட ஒரு மீனும் இருந்தது. வியன்னாவில் அதை ஆராய்ந்த யோஹான் யாகோப் ஹெக்கல், 1840-ல் அதற்கு சிம்பைசோடான் டிஸ்கஸ் என்று பெயர் வைத்தார்.

அந்த ஆற்றில் டிஸ்கஸ் எங்கே வாழ்கிறது என்று பார்த்தால் நமக்கு வேண்டிய பாதிப் பதில் கிடைத்துவிடும். ஓடும் நடு ஆற்றில் அது இருப்பதில்லை. ஏரிபோல் தேங்கிய கரையோரங்களில், நீரில் சாய்ந்து கிடக்கும் மரக்கிளைகளின் இடுக்கில் கூட்டமாக ஒதுங்கியிருக்கும். அங்கே வெளிச்சம் குறைவு, ஓட்டம் குறைவு. வெப்பம் 28 முதல் 30 டிகிரி வரை. ஆண்டுதோறும் வெள்ளம் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கினாலும், அந்த மாற்றம் மாதக்கணக்கில் நடக்கிறது. ஒரு மேகம் மறைத்ததாலோ ஒரு மழை பெய்ததாலோ அத்தனை பெரிய நீர்ப்பரப்பு சூடாவதில்லை, குளிர்வதும் இல்லை. மீனின் கழிவு சேர்ந்து நீர் கெட்டுப்போவதற்கும் அங்கே வழியில்லை.

நம் வீட்டுத் தொட்டியில் இல்லாதது இந்தப் பெருந்தண்ணீர். 300 லிட்டரில் எல்லாம் வேகமாக நடக்கும்: சூடு வேகமாக ஏறும், அம்மோனியா வேகமாகச் சேரும், ஆக்சிஜன் வேகமாகத் தீரும். ஹீட்டர், ஃபில்டர், ஏர் பம்ப் எல்லாம் ஆற்றின் அளவு செய்த வேலையை மின்சாரத்தால் செய்ய முயல்பவை. ஆறு நிற்காது, கருவி நிற்கும். அதனால் கடையில் ஒரு கருவியைக் கையில் எடுக்கும்போது 'இது எவ்வளவு நன்றாக வேலை செய்யும்' என்று கேட்பதோடு விடாதீர்கள். 'இது கெட்டுப்போனால் என் மீனுக்கு எத்தனை மணி நேரம் மிச்சம் இருக்கும்' என்றும் கேளுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியதுதான்.

தொட்டியிலிருந்து தொடங்குவோம். டிஸ்கஸ் கூட்டமாக வாழும் மீன். கூட்டத்துக்குள் அதிகார வரிசையும் உண்டு. இரண்டு மூன்று மட்டும் வைத்தால் பலசாலி ஒன்று பலவீனமான ஒன்றையே நாள் முழுக்க விரட்டித் தின்னவிடாமல் செய்யும். ஐந்து ஆறு இருந்தால் அந்த முரட்டுத்தனம் பலர்மேல் பரவிக் குறையும். வளர்ந்த மீன் 15 சென்டிமீட்டரைத் தாண்டும். மேல் துடுப்பும் கீழ்த் துடுப்பும் விரிந்தால் நீளத்துக்கு இணையான உயரமும் அதற்கு வேண்டும். ஒரு மீனுக்கு 40 முதல் 50 லிட்டர் என்று கணக்கிட்டால் ஆறு மீனுக்கு 4 அடி நீளம், 1.5 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி பொருந்தும். விளிம்பு வரை அது 340 லிட்டர் கொள்ளும். மேலே கொஞ்சம் இடம்விட்டால் 320 லிட்டர். தண்ணீரும் கண்ணாடியுமாக 400 கிலோ எடை. மேசைமேல் வைக்கிற காரியம் இல்லை. இரும்பு ஸ்டாண்டு வேண்டும், அதன்மேல் ஒட்டுப்பலகை, அதன்மேல் தெர்மகோல் வேண்டும்.

கண்ணாடியின் கனத்தை நீளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள் உண்டு. அடியில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது நீரின் உயரம். 2 அடி உயரத்தில் முன்கண்ணாடியின்மேல் மட்டும் ஏறத்தாழ 200 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த விசை இரவும் பகலும் ஓயாது. இந்த அளவுக்கு 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணாடியை ஒப்புக்கொள்ளாதீர்கள். 12 கிடைத்தால் இன்னும் நிம்மதி.

அடுத்து தண்ணீர். இதைக் கருவிப் பட்டியலில் பலர் சேர்ப்பதில்லை. என் கணக்கில் பணத்தின் முதல் பங்கு இதற்குத்தான் போக வேண்டும். சென்னை கொளத்தூர் கடைகளில் கிடைக்கும் டிஸ்கஸ் பெரும்பாலும் தொட்டியிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்தவை. பினாங்கிலும் தாய்லாந்திலும் உருவான வண்ண வகைகள் அவற்றில் நிறைய. இந்த மீன்களுக்கு ரியோ நீக்ரோவின் அமில நீர் தேவையில்லை. பி.எச். 6.5 முதல் 7.5 வரை, உப்பு குறைவாக, முக்கியமாக நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால் நன்றாக வளரும். சிக்கல் நம் போர் தண்ணீரில்தான். சென்னையின் பல பகுதிகளில், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் 900, 1,000 என்று காட்டும். அதற்கு ஆர்.ஓ. வேண்டும்.

ஆனால் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவது ஆபத்து. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் வேலை செய்யும்போது நீரிலுள்ள கார்பனேட்டைத் தின்று தீர்க்கின்றன. ஆர்.ஓ. நீரில் அது ஏறக்குறைய இல்லை. ஒருநாள் பி.எச். திடீரென்று சரியும், சரிந்தால் அந்த பாக்டீரியாக்களே வேலையை நிறுத்தும். ஆகவே கலந்து ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் 900, ஆர்.ஓ. தண்ணீர் 20, உங்களுக்கு வேண்டியது 150 என்றால், நூறு லிட்டரில் 15 லிட்டர் போர், 85 லிட்டர் ஆர்.ஓ. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் மணிக்கு 12 முதல் 15 லிட்டர்தான் தரும். 85 லிட்டருக்கு ஆறேழு மணி நேரம் ஆகும். அதனால்தான் மூடியுள்ள ஒரு 100 லிட்டர் டிரம்மும் கருவிதான் என்கிறேன். முந்தின நாளே நிரப்பி, உள்ளே ஒரு ஏர்ஸ்டோனும் சின்ன ஹீட்டரும் போட்டுவையுங்கள். குளோரின் பறந்துவிடும், வெப்பமும் தொட்டியோடு ஒத்துப்போகும். மெட்ரோ தண்ணீரை அவசரத்துக்கு ஊற்றுவதாக இருந்தால் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைசல் குளோரினை நொடியில் முறிக்கும்.

ஒரு எச்சரிக்கை: தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் இயந்திரம் இதற்குப் பதிலாகாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைக்கிறது. வாளியில் சோப்பு நன்றாக நுரைக்கும், டி.டி.எஸ். மீட்டரில் எண் இறங்காது.

ஹீட்டருக்கு வருகிறேன். டிஸ்கஸ் தொட்டியில் அதிக மீன்களைக் கொன்ற கருவி எது என்று கேட்டால் நான் தயங்காமல் இதைத்தான் காட்டுவேன். சாதாரண ஹீட்டரின் தலைப்பகுதியில் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை இருக்கிறது. சூடேறினால் அது வளைந்து மின்தொடர்பைப் பிரிக்கும். ஆறினால் நிமிர்ந்து சேர்க்கும். ஒவ்வொரு முறை சேரும்போதும் பிரியும்போதும் அந்த முனையில் ஒரு சிறு பொறி பறக்கிறது. ஆயிரக்கணக்கான பொறிகளுக்குப் பிறகு ஒருநாள் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஹீட்டர் அணையாது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 320 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 13.4 லட்சம் ஜூல் வேண்டும். 300 வாட் ஹீட்டர் ஒன்றேகால் மணி நேரத்தில் அதைக் கொடுத்துவிடும். 150 வாட்டுக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கும். இரவு பத்து மணிக்கு, அறையும் தொட்டியும் 30 டிகிரியில் இருக்கையில் ஹீட்டர் ஒட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு 300 வாட் தொட்டி 36 டிகிரியைத் தொட்டிருக்கும், மீன்கள் போயிருக்கும். 150 வாட் தொட்டி 33-ல் நிற்கும். மீன்கள் மேல்மட்டத்தில் மூச்சு வாங்கும், உயிரோடு இருக்கும். கடைக்காரர் 300 வாட் ஒன்று போதும் என்பார். நீங்கள் 150 வாட்டில் இரண்டு வாங்குங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டால் நேரம் கிடைக்கும். ஒன்று செத்துப்போனால் மற்றது தாங்கும்.

மற்றது தாங்குமா? மூடியிட்ட இந்த அளவுத் தொட்டி, அறையைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால் சுமார் 12 முதல் 15 வாட் வெப்பத்தை இழக்கும். சென்னை ஜனவரி இரவில் அறை 22 டிகிரி, தொட்டி 29 என்றால் இழப்பு 100 வாட் சுற்றளவு. ஒற்றை 150 வாட் ஹீட்டர் தாராளமாக ஈடுகட்டும். ஊட்டியில் வீடு என்றால் கணக்கு வேறு. அங்கே ஹீட்டரின் அளவைக் கூட்டி, தொட்டியின் பின்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் தெர்மகோல் ஒட்ட வேண்டும்.

இத்துடன் தனியாக ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும். ஹீட்டரின் பிளக் இதில் செருகப்படும். உணர்முனை தண்ணீரில் இருக்கும். ஹீட்டரை 30-லும் இதை 31-லும் வைத்தால், உள்ளே இருப்பது ஒட்டிக்கொண்டாலும் வெளியே இருப்பது மின்சாரத்தைத் துண்டிக்கும். இதன் விலை ஒரு நல்ல ஜோடி மீனின் விலைகூட இருக்காது. தண்ணீர் மாற்றும்போது ஹீட்டர் பிளக்கை முதலில் பிடுங்குங்கள். நீர்மட்டம் இறங்கி வெளியே தெரியும் சூடான கண்ணாடிக் குழாய்மேல் புதுத் தண்ணீர் பட்டால் அது பிளக்கும். பிளந்தால் உள்ளிருக்கும் மின்கம்பி நீரைத் தொடும். தொட்டிக்கு வரும் மின் இணைப்பில், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் தொட்டிக்குள் கைவிடாதீர்கள். இதில் மீனைவிட உங்கள் உயிரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஏப்ரல் முதல் ஜூன் வரை சமவெளி ஊர்களில் ஹீட்டரையே கழற்றி வைக்கலாம். அப்போது பிரச்சினை எதிர்ப்பக்கம். தொட்டி 32-ஐத் தாண்டினால் நீர்ப்பரப்பின்மேல் ஒரு சின்ன மின்விசிறியை ஓடவிடுங்கள். ஒரு லிட்டர் ஆவியானால் இந்தத் தொட்டி கிட்டத்தட்ட 1.8 டிகிரி குளிரும் அளவு வெப்பத்தை அது கொண்டுபோகும். மதுரையிலும் திருச்சியிலும் இது நன்றாக வேலை செய்யும். கடற்கரை ஊரின் புழுக்கத்தில் பலன் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அந்த இழப்பை நிரப்ப மட்டும் கலப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்ற வேண்டும்.

ஃபில்டர். தண்ணீர் தெளிவாக இருப்பதற்காக வைப்பது என்று நினைத்தால் தவறான ஃபில்டரை வாங்குவீர்கள். கண்ணுக்குத் தெரியும் தூசு மீனைக் கொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா கொல்லும். மீனின் செவுளிலிருந்து அது இடைவிடாமல் வெளியேறுகிறது. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை 1890, 1891 ஆண்டுகளில் பிரித்தெடுத்துக் காட்டியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. இரண்டு கட்டத்துக்கு இரண்டு வகை பாக்டீரியா என்றே ஒரு நூற்றாண்டுக்கு மேல் நம்பினோம். 2015-ல், இரண்டு வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா வகைகளை இரண்டு ஆய்வுக் குழுக்கள் அறிவித்தன. அதில் ஒரு குழுவுக்கு அந்த பாக்டீரியா கிடைத்தது மீன்வளர்ப்பு அமைப்பு ஒன்றின் ஃபில்டரிலிருந்து என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஃபில்டர் என்பது இந்த உயிர்கள் ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு. அவற்றுக்கு ஆக்சிஜனைக் கொண்டுவரும் ஓட்டம். மற்றதெல்லாம் அலங்காரம்.

அம்மோனியாவின் நஞ்சு பி.எச்.-ஐப் பொறுத்தது. 30 டிகிரி நீரில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 0.8 சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 என்றால் 7 சதவீதத்துக்கு மேல். அதே மீன், அதே உணவு, ஒன்பது மடங்கு ஆபத்து. கடினமான போர் தண்ணீரில் டிஸ்கஸ் வைத்திருப்பவரின் ஃபில்டர் மற்றவர் ஃபில்டரைவிட நம்பகமாக இருந்தாக வேண்டும்.

கடையில் கண்ணைப் பறிப்பது கேனிஸ்டர். மூடிய டப்பா, உள்ளே தட்டுத் தட்டாக ஊடகம், சத்தமே வராது. நல்ல கருவிதான். ஆனால் அதன் பெட்டியில் அச்சிட்ட லிட்டர் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஊடகம் நிரம்பி, தண்ணீரை மேலே ஏற்றி, ஒரு மாத அழுக்கும் சேர்ந்த பிறகு வரும் ஓட்டம் அதைவிடக் கணிசமாகக் குறைவு. மின்சாரம் போனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். மூடிய டப்பாவுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும் கொஞ்சம் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். பிறகு அவை சாகத் தொடங்கும். மின்சாரம் திரும்பியதும் அந்த அழுகிய நீர் நேராகத் தொட்டிக்குள் கொட்டும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு கேனிஸ்டரை அப்படியே ஓடவிடாமல், உள்ளே இருக்கும் நீரை வாளியில் ஊற்றிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும்.

இருநூறு முந்நூறு ரூபாய் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. ஏர் பம்ப் அனுப்பும் காற்றுக் குமிழிகள் குழாயில் மேலேறும்போது தண்ணீரையும் கூட இழுக்கின்றன. தண்ணீர் ஸ்பாஞ்சைக் கடந்து வருகிறது. தொட்டிக்குள் நகரும் பாகமே இல்லை. ஓட்டமும் மெதுவானது. அகன்ற தட்டை உடலைக்கொண்ட இந்த மீன் வேகமான நீரோட்டத்தில் நாள் முழுக்க எதிர்த்து நீந்திக் களைத்துப்போகும். குஞ்சு வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டிஸ்கஸ் குஞ்சுகள் முதல் நாட்களில் பெற்றோரின் உடலில் ஊறும் கோழையைக் கொத்தித்தான் வளர்கின்றன. அந்தக் கோழையில் புரதமும் எதிர்ப்புப் பொருள்களும் அந்தக் காலத்தில் கூடுவதை 2010-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. பலமான ஓட்டம் குஞ்சைத் தாயின் பக்கத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விடும். என் தேர்வு: பெரிய ஸ்பாஞ்ச் இரண்டு, முதலில். கையில் பணம் மிஞ்சினால் கேனிஸ்டர், பிறகு. ஸ்பாஞ்சை இரண்டையும் ஒரே நாளில் அலசாதீர்கள். குழாய்த் தண்ணீரிலும் அலசாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் பிழிந்தால் போதும்.

இனி மின்வெட்டு. 2016 டிசம்பரில் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம்: சென்னையின் பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் முதலில் பதறுவது சூட்டைப் பற்றி. அறை 25-ல் இருந்தால் 320 லிட்டர் தொட்டி மணிக்கு 0.2 டிகிரிதான் இறங்கும். பத்து மணி நேரத்தில் இரண்டு டிகிரிகூட இறங்காது. ஒரு போர்வை போர்த்தினால் இன்னும் மெதுவாக. அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரி நீர் 7.5 தான். அதாவது உங்கள் தொட்டி முழுவதிலும் இருப்பது 2.4 கிராம் ஆக்சிஜன். ஆறு பெரிய மீன்களும் ஃபில்டர் பாக்டீரியாக்களும் அதைத்தான் பங்கு போடுகின்றன. நீர்ப்பரப்பு அசையாவிட்டால் புதிதாகக் கரைவது குறைந்துவிடும்.

ஏர் பம்புக்கு 5 வாட் போதும். வீட்டு இன்வெர்ட்டரில் ஹீட்டரைச் சேர்த்தால் பேட்டரி தீர்ந்துபோகும். ஏர் பம்பை மட்டும் சேர்த்தால் ஒரு நாளுக்கு மேல் ஓடும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பவர் பேங்கில் ஓடும் யு.எஸ்.பி. ஏர் பம்ப் ஒன்று வாங்கி, சார்ஜ் ஏற்றி, ஸ்டாண்டிலேயே தொங்கவிடுங்கள். இன்னொரு சின்னப் பொருள்: ஏர் பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மின்சாரம் நின்றதும் தண்ணீர் டியூப் வழியாகப் பின்வாங்கி பம்புக்குள்ளும் பிளக்குக்கும் வரும். டியூபின் நடுவே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு செருகினால் தீர்ந்தது. விலை பத்து இருபது ரூபாய். வால்வில் அம்புக்குறி தொட்டியை நோக்கி இருக்கிறதா என்று வாயால் ஊதிப் பாருங்கள். தலைகீழாக மாட்டினால் காற்றே போகாது.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மங்கலான எல்.இ.டி. போதும். இருட்டறையில் திடீரென்று பளிச்சென்று எரியும் விளக்குக்கு மிரண்டு மீன்கள் கண்ணாடியில் மோதும். முதலில் அறை விளக்கைப் போட்டுப் பிறகு தொட்டி விளக்கைப் போடுங்கள். 29 டிகிரியில் எல்லாச் செடியும் வளராது. அனுபியாஸ், அமேசான் வாள்செடி வளரும். முதல் தொட்டிக்கு மணலே வேண்டாம் என்பேன். வெறும் கண்ணாடித் தரையில் மிச்ச உணவு தெரியும், உடனே உறிஞ்சி எடுக்கலாம். பின்னணி நிறத்தில் மட்டும் கவனம்: கறுப்புத் தாள் ஒட்டினால் பிஜன் பிளட் வகை மீன்களின் உடலெங்கும் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் வரும். சூழலுக்கேற்ப நிறமிச் செல்கள் கருமையை விரிப்பதுதான் காரணம், நோய் இல்லை. அந்த வகைக்கு வெளிர்நீலம் நல்லது.

தொட்டி அமைத்ததும் மீன் வாங்க ஓடாதீர்கள். அம்மோனியா, நைட்ரைட் சோதிக்கும் திரவ டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, மீன் இல்லாத தொட்டியில் ஸ்பாஞ்சுகளை ஓடவிட்டு, கொஞ்சம் அம்மோனியா சேர்த்துப் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். தொடக்கத்தில் அம்மோனியா சோதனைக் குழாயில் மஞ்சள் பச்சையாக மாறும். சில வாரங்களில் இன்று சேர்த்த அம்மோனியா நாளைக்கே மறைந்து அந்தக் குழாய் மஞ்சளாகவே நிற்கும், நைட்ரைட்டும் இருக்காது. ஏற்கெனவே ஓடும் நோயற்ற தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் இந்தக் காலம் பாதியாகக் குறையும்.

அந்த நிலை வந்ததும், மீன் வருவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயின் சுவிட்சை நீங்களே அணையுங்கள். ஏர் பம்ப் இன்வெர்ட்டரில் மாறிக்கொள்கிறதா, டியூபில் தண்ணீர் பின்வாங்குகிறதா, மதியத்துக்குள் தெர்மாமீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதிவையுங்கள். மதியம் சுவிட்சைப் போட்டதும் இரண்டு ஹீட்டரின் சிவப்பு விளக்கும் எரிகிறதா, 30-ல் அணைகிறதா என்று மாலைவரை பாருங்கள். பிறகு ஹீட்டரின் குமிழை 33-க்குத் திருப்பிவிட்டு, வெளிக் கட்டுப்பாட்டுக் கருவி 31-ல் வெட்டுகிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். வெட்டவில்லை என்றால் அதை மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொண்டு, அதற்கப்புறம் மீனுக்கு முன்பணம் கொடுங்கள்.